சைனா, சிம்பலா, ஐகானா, லோகோவா?

பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் சேர்ந்து நான்கு மாதமான ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "படம் வரைவது எனக்கு நன்றாக வரும். ஆங்கிலம்தான் இடிக்கிறது. ஒரு வாடிக்கையாளர் 'ஐகான் அனுப்புங்கள்' என்றார், நான் அவர்களுடைய லோகோவை அனுப்பிவிட்டேன். இன்னொருவர் 'பன்னிரண்டு சைன், எட்டு சிம்பல், விலை சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானே என்று இருபதுக்கும் ஒரே விலை போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அகராதியில் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் 'சின்னம்' என்றே வருகிறது. எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது?"

அந்த விலையை அனுப்பாமல் வைத்திருப்பது நல்லது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

தம்பி, இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அகராதி. சைன், சிம்பல், எம்பளம், பேட்ஜ், இன்சிக்னியா என்று எதைத் தேடினாலும் 'சின்னம், குறி, அடையாளம்' என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறது. மீதிப் பாதிக்குக் காரணம், படத்தின் உருவத்தைப் பார்த்து நாம் பெயர் வைக்கப் பார்ப்பது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் உருவத்தை வைத்துப் பெயர் வருவதில்லை. அந்தப் படம் எங்கே நிற்கிறது, யாருடையது, என்ன வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான் வருகிறது. ஒரே ஆள் வீட்டில் அப்பா, கடையில் முதலாளி, கோயிலில் தொண்டூழியர் என்று ஆவது போல.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஊரின் பெயரிலேயே சிங்கம். ஊர் முழுக்கச் சிங்கப் படங்கள். ஒவ்வொரு சிங்கத்துக்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு பெயர். அவற்றை வைத்தே தொடங்கலாம்.

உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டையும் என் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உங்களுடையதில் சாரநாத்தில் கிடைத்த அசோகர் தூணின் சிங்கங்கள். இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 அன்று ஏற்றுக்கொண்டது. என்னுடையதில் ஒரு கேடயம், அதற்குள் பிறையும் ஐந்து நட்சத்திரமும், கேடயத்தை இருபுறமும் தாங்கும் சிங்கமும் புலியும், கீழே 'மாஜுலா சிங்கப்பூரா' என்று எழுதிய பட்டை. இது 1959 டிசம்பர் 3 அன்று அறிமுகமானது. தமிழில் இரண்டையும் அரசுச் சின்னம் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் உங்களுடையது எம்பளம், என்னுடையது கோட் ஆஃப் ஆர்ம்ஸ். காரணம் அந்தக் கேடயம்தான். ஐரோப்பாவில் போர்வீரர்களைக் கேடயத்தில் தீட்டிய குறியை வைத்து அடையாளம் கண்டார்கள். அந்த மரபில் கேடயமும் அதைத் தாங்கும் விலங்குகளும் கீழே முழக்க வரியுமாக அமைந்ததைத்தான் கோட் ஆஃப் ஆர்ம்ஸ் என்பார்கள். கேடயம் இல்லாமல், ஒரு பொருளோ உருவமோ ஒரு நாட்டுக்காகவோ அமைப்புக்காகவோ கம்பீரமாக நின்றால் எம்பளம்.

இங்கே இன்னொரு சொல்லும் குறுக்கே வரும்: கிரெஸ்ட். மரபுப்படி பார்த்தால், கேடயத்துக்கு மேலே வரும் தலைக்கவசத்தின் உச்சியில் நிற்கும் உருவம் மட்டும்தான் கிரெஸ்ட். சிங்கப்பூரின் கோட் ஆஃப் ஆர்ம்ஸில் தலைக்கவசமும் கிடையாது, உச்சி உருவமும் கிடையாது. ஆனால் பேச்சில் 'ஸ்டேட் கிரெஸ்ட்' என்பார்கள். இங்கே பள்ளிகள் எல்லாம் தங்கள் முழுக் கேடயத்தையும் 'ஸ்கூல் கிரெஸ்ட்' என்றுதான் எழுதுகின்றன. அதைத் திருத்தப் போக வேண்டாம். பள்ளிக்கு எழுதும்போது கிரெஸ்ட் என்றே எழுதுங்கள், வாடிக்கையாளர் வைத்த பெயர்தான் விலைப்பட்டியலில் வர வேண்டும். அதே கிரெஸ்டைச் சிறியதாகத் தைத்தோ ஊசி வைத்தோ பையனின் சட்டைப் பையில் குத்தினால் அது பேட்ஜ். படம் மாறவே இல்லை. உடம்பில் அணிந்ததால் பெயர் மாறியது. 'கிரெஸ்ட் ஐம்பது வேண்டும்' என்று யாராவது கேட்டால், சுவரில் மாட்டவா சட்டையில் குத்தவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடுத்த சிங்கம் மெர்லயன். மீன் உடம்பும் சிங்கத் தலையும் கொண்ட அந்த உருவத்தை 1964-ல் சுற்றுலா மேம்பாட்டுக் கழகத்துக்காக வரைந்தவர் ஃபிரேசர் பிரன்னர். வான் கிளீஃப் மீன் காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர். அப்போது அது ஒரு நிறுவனத்தின் லோகோ. 1966-ல் வணிக முத்திரையாகப் பதிவானதும் டிரேட் மார்க் ஆனது. 1972 செப்டம்பர் 15 அன்று சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 8.6 மீட்டர் உயரச் சிலை திறக்கப்பட்டது. கழகம் அதை லோகோவாகப் பயன்படுத்துவதை 1997-ல் நிறுத்திவிட்டது. ஆனால் இன்றைக்கு உலகில் யாரிடமாவது அந்த உருவத்தைக் காட்டினால் 'சிங்கப்பூர்' என்கிறார்கள். இந்த நிலைக்கு வந்ததை ஆங்கிலத்தில் ஐகான் என்பார்கள். லோகோவை ஒருவர் வரைந்து கொடுத்துவிடலாம், இந்த அர்த்தத்தில் ஐகான் என்பதை யாரும் வரைந்து கொடுக்க முடியாது. ஜனங்கள் பார்த்துப் பார்த்து, படம் எடுத்து எடுத்து, காலம்தான் அதை ஆக்கித் தருகிறது. போன வாரம் திறந்த கட்டடத்தை 'ஐகானிக்' என்று விளம்பரத்தில் எழுதும்போது எனக்கு உறுத்துவது அதனால்தான்.

மூன்றாவது சிங்கம் சிங்கா. மரியாதை இயக்கத்துக்காக 1982-ல் வந்தது. கண்ணும் சிரிப்பும் கையும் காலுமாகப் பிள்ளைகளோடு கைகுலுக்கும். இப்படி ஆள் போல நடமாடும் உருவத்துக்குப் பெயர் மாஸ்காட். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை.

நான்காவது 1986-ல் வந்த சிங்கத் தலை. சிவப்பில், பக்கவாட்டாகப் பார்க்கும் தலை, பிடரியில் ஐந்து பிரிவுகள். அந்த ஐந்தும் கொடியின் ஐந்து நட்சத்திரங்களைப் போலவே மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம். இதற்கு அரசு வைத்திருக்கும் பெயரிலேயே சிம்பல் என்ற சொல் இருக்கிறது. ஏன் லோகோ என்று வைக்கவில்லை என்று யோசித்தால் இரண்டு சொல்லுக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிடும். லோகோவுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, 'இது யாருடையது' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். சிம்பல் 'இது எதைக் குறிக்கிறது' என்ற கேள்விக்குப் பதில் சொல்லும். கோட் ஆஃப் ஆர்ம்ஸ் அரசுக்கே உரியது, அதைப் பயன்படுத்தக் கட்டுப்பாடு அதிகம். தனியாரும் அமைப்புகளும் 'நாங்களும் சிங்கப்பூர்' என்று காட்டிக்கொள்ள இன்னும் தளர்வான ஒன்று வேண்டும் என்றுதான் சிங்கத் தலை வந்தது. பலருக்கும் பொதுவாகி ஒரு கருத்தைச் சுமப்பதால் அது சிம்பல்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். சைன், சிம்பல். எனக்கும் அதிக நாள் தண்ணி காட்டிய ஜோடி இதுதான்.

சைன் என்பது பெரிய குடை. எதைப் பார்த்து வேறொன்றை அறிந்துகொள்கிறோமோ அது சைன். மேகம் கறுத்தால் மழைக்கு சைன். அந்த மேகத்தை யாரும் வைக்கவில்லை, யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சிம்பலுக்கு மனிதர்களின் உடன்பாடு வேண்டும். அந்தச் சொல்லின் வேரே உடன்பாடுதான். பழைய கிரேக்கத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் ஒரு பொருளை இரண்டாக உடைத்து ஆளுக்கு ஒரு துண்டு வைத்துக்கொள்வார்கள். பிறகு சந்திக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பொருந்தினால் ஆள் சரி. அந்தத் துண்டுக்குப் பெயர் சிம்பலோன், 'சேர்த்துப் போடுவது' என்று பொருள். கையில் மறுபாதி இல்லாதவனுக்கு அது வெறும் உடைந்த ஓடு. உணவங்காடியில் மேசைமேல் கிடக்கும் டிஷ்யூ பொட்டலத்தை நினைத்துப் பாருங்கள். நமக்கு அது 'இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது' என்று சொல்கிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் யாரோ மறந்துவிட்டுப் போன பொட்டலம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுவார். அவர் கையில் மறுபாதி இல்லை.

வாக்கியத்தில் எது வரும் என்று திணறும்போது ஒரு வழி இருக்கிறது. பின்னால் ஒரு முழுச் செய்தி வந்தால், அதாவது 'மழை வரப்போகிறது', 'இங்கே ஆள் இருக்கிறது' என்பது போல வந்தால், சைன் போட்டு 'தட்' சேர்க்கலாம். சிம்பலோடு அப்படி எழுதினால் இடிக்கும். சிம்பலுக்குப் பின்னால் ஒரு பெயர்தான் வரும், அதற்கு முன்னால் 'ஆஃப்' அல்லது 'ஃபார்'. புறா அமைதியின் சிம்பல் என்னும்போது 'ஆஃப்'. ஆக்ஸிஜனுக்கு 'ஓ' சிம்பல் என்னும்போது 'ஃபார்'. மனத்தில் ஒரு கருத்தை எழுப்பினால் முன்னது, சுருக்கெழுத்துபோல ஒரு பொருளுக்குப் பதிலாக நின்றால் பின்னது. இதை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டால் மின்னஞ்சல்களில் பாதித் தடுமாற்றம் போய்விடும்.

சிம்பலின் இந்த இரண்டு முகமும் ஒரே படத்தில் தெரிந்தது 2023 அதிபர் தேர்தலில். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பக்கத்தில் அச்சாகும் படத்துக்கு இங்கே ஆங்கிலத்தில் சிம்பல் என்றுதான் பெயர். இந்தியாவிலும் அப்படியே, 1968-ல் வந்த சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணையின் ஆங்கிலத் தலைப்பிலேயே சிம்பல் இருக்கிறது. தர்மன் சண்முகரத்னத்தின் படம் அன்னாசிப் பழம். சீட்டில் அது 'தர்மனுக்கு' நிற்கும் குறி. அதே நேரத்தில் ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயரான 'ஓங் லாய்' அதிர்ஷ்டம் வருகிறது என்பதுபோல ஒலிக்கும். வீடு குடிபோகும்போது சீனர்கள் அன்னாசி வாங்குவது அதனால்தான். ஆகவே அது 'நல்லது வரும்' என்பதன் சிம்பலும் கூட. பிரசாரத் துண்டறிக்கையில் அதே படம் வந்தால் லோகோ என்று சொல்பவர்கள் உண்டு. தவறில்லை. வாக்குச்சீட்டில் மட்டும் லோகோ என்று எழுதக் கூடாது.

நம் தொழிலில் சைனுக்கும் சிம்பலுக்கும் இன்னும் துல்லியமான ஒரு பிரிவு இருக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தில், கடும் வாசனையுள்ள டுரியான் பழத்தின் படம் போட்ட தடையைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை அதன் கீழே ஒரு நிமிடம் நின்று, அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே கறுப்பாக முள்ளும் காம்புமாக ஒரு பழம். அது மட்டும் சிம்பல். அதைத் தனியாகக் கதவில் ஒட்டினால் 'இங்கே டுரியான் கிடைக்கும்' என்றுகூட நினைப்பார்கள். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், இடது மேலிருந்து வலது கீழாக ஒரு சிவப்புக் கோடு. இப்போது அது 'கொண்டுவராதே' என்கிறது. இப்போதுதான் அது சைன். அனைத்துலகத் தரநிலைகளும் இப்படித்தான் வகுக்கின்றன: நிறமும் வடிவமும் சேர்ந்து பொதுச் செய்தியைச் சொல்லும், உள்ளே இருக்கும் சிம்பல் அதைக் குறிப்பான செய்தியாக்கும், எல்லாம் கூடினால் சைன். சிவப்பு வட்டமும் கோடும் தடை. நீல வட்டம் கட்டாயம், தலைக்கவசம் அணி என்பது போல. மஞ்சள் முக்கோணம் எச்சரிக்கை. பச்சைச் சதுரமோ செவ்வகமோ பாதுகாப்பு வழி. அவசர வாசலில் ஓடும் பச்சை ஆள் இந்தக் கடைசி வகை, அவரை வடிவமைத்தவர் ஜப்பானின் யுகியோ ஓட்டா.

பிக்டோகிராம் என்ற சொல்லும் இங்கேதான் வரும். சொல்லே இல்லாமல், பார்த்தவுடன் பொருள் தெரியும்படி ஒரே பாணியில் வரைந்த படங்களின் தொகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு படம் என்று முறையாகச் செய்தார்கள். பல மொழிக்காரர்கள் வந்து இறங்கும் ஊருக்கு அது தேவைப்பட்டது. நான்கு மொழி பேசும் நமக்கும் அதே தேவைதான். ஆபத்தான ரசாயனப் பீப்பாயில் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீ, மண்டையோடு என்று வருமே, அதற்கும் ஐ.நா. முறையில் பிக்டோகிராம் என்றுதான் பெயர். சக்கர நாற்காலிப் படத்துக்கு மட்டும் அதன் அதிகாரப் பெயரில் சிம்பல் என்று வந்துவிட்டது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். நம் பட்டறைக் கணக்கில், சுவரிலோ கதவிலோ இருந்தால் பிக்டோகிராம், திரையில் இருந்தால் ஐகான். கழிவறையின் ஆண், பெண் படத்தைக் கட்டடக்காரர் பிக்டோகிராம் என்பார், அதையே கைப்பேசிச் செயலிக்குக் கேட்பவர் ஐகான் என்பார்.

உங்களிடம் ஐகான் கேட்டவர் விஷயமும் இதுதான். பெரும்பாலும் அவருக்கு வேண்டியிருந்தது வழிகாட்டிப் பலகைக்கான மின்தூக்கி, கழிவறை, வாகன நிறுத்தம் போன்ற சிறு படங்கள். 'இங்கே என்ன இருக்கிறது' என்று சொல்பவை. நீங்கள் அனுப்பியது 'நாங்கள் யார்' என்று சொல்வது. செயலியின் ஐகானுக்குள் நிறுவனத்தின் லோகோவையே வைப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. அங்கேகூட, தட்டினால் திறக்கும் அந்தச் சதுரத்துக்குப் பெயர் ஐகான், அதற்குள் இருக்கும் எழுத்துக்கோ படத்துக்கோ பெயர் லோகோ.

படிப்பாளிகளின் உலகில் ஐகானுக்கு இன்னொரு கணக்கு உண்டு. அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் பியர்ஸ், சைன்களை மூன்றாகப் பிரித்தார். பொருளைப் போலவே இருந்தால் ஐகான், பொருளோடு நேரடித் தொடர்பு இருந்தால் இண்டெக்ஸ், வெறும் உடன்பாட்டால் நின்றால் சிம்பல். டுரியான் படம் ஐகான், மூக்கைத் துளைக்கும் வாசனை இண்டெக்ஸ், 'டுரியான்' என்ற எழுத்து சிம்பல். அழகான பிரிவு. ஆனால் இதை விலைப்பட்டியலில் பயன்படுத்தினால் யாருக்கும் புரியாது.

எம்பளம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நான் பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மருந்தகம் எங்களிடம் பலகை செய்யக் கொடுத்தது. குறிப்பில் 'கிராஸ் சிம்பல், சிவப்பு' என்று இருந்தது. வெள்ளை அக்ரிலிக்கில் சிவப்பு வினைல் வெட்டி, மூலை பிசகாமல் ஒட்டி, அழகாக வந்திருந்தது. மாட்டப் போகும் முதல் நாள் மாலை பட்டறையில் மூத்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, 'இது சிம்பல் இல்லையப்பா, எம்பளம். யாரும் போடக் கூடாது' என்றார். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் தொடங்கி, போர்க்களத்தில் மருத்துவப் பணியாளரைச் சுடாதே என்று சொல்வதற்காகச் சட்டம் காக்கும் குறி. பிறகு செம்பிறையும், 2005-ல் செம்படிகமும் சேர்ந்தன. ஒப்பந்தங்கள் இவற்றுக்குக் கொடுத்திருக்கும் ஆங்கிலப் பெயர் எம்பளம். சிங்கப்பூர்ச் சட்டத்திலும் அனுமதியில்லாமல் பயன்படுத்துவது குற்றம். அன்றிரவு ஹீட் கன்னால் சூடாக்கிச் சூடாக்கி அந்தச் சிவப்பை உரித்தோம். வினைல் நீளமாக வராமல் துண்டு துண்டாக வந்தது, பசை நகத்தில் ஏறிக்கொண்டது. பச்சை ஒட்டி முடிக்கும்போது மணி பதினொன்று. அன்றிலிருந்து எம்பளம் என்ற சொல்லைப் பார்த்தாலே, 'இதற்குப் பின்னால் ஓர் அமைப்பும் சட்டமும் நிற்கிறதா' என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன். எந்தப் பட்டறைக்காரரும் சிவப்புச் சிலுவையை வெறும் சிம்பலாக நினைக்கக் கூடாது. அதைக் கண்ட இடத்தில் ஒட்டி மலிவாக்கினால், அதை நம்பி உயிரோடு இருக்க வேண்டிய ஒருவருக்கு அது உதவாமல் போய்விடும்.

மார்க் எளிது. பொருளின்மேல் இட்ட அடையாளம், அது எந்த வகை, எதில் தேறியது என்று சொல்வது. பான டப்பாவில் 2022 டிசம்பர் 30 முதல் வரும், சர்க்கரை அளவைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்துகள் மார்க். ஹலால் சான்றும் மார்க். வீட்டு மின்சாதனத்தில் இருக்கும் சேஃப்டி மார்க்குக்குப் பெயரிலேயே இருக்கிறது. டிரேட் மார்க்கும் இந்தக் குடும்பம்தான். ஒரு சுவையான செய்தி: சிங்கப்பூர் வணிக முத்திரைச் சட்டம் டிரேட் மார்க்கை விளக்கும்போது சைன் என்ற சொல்லைக் கொண்டே விளக்குகிறது. பெயர், எழுத்து, எண், வடிவம், நிறம் எல்லாமே அதில் சைன். குடை பெரியது என்று சொன்னேனே, சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. நிறுத்தக்குறிகளும் மார்க்தான்: குவெஸ்டின் மார்க். ஆனால் டாலர், கூட்டல், சமம் எல்லாம் சைன். இதில் காரணம் தேடிப் பயனில்லை, பழக்கம். நம் எழுத்துக்கும் யூனிகோடு வைத்திருக்கும் பெயர்களில், துணைக்காலும் கொம்பும் 'வவல் சைன்', மெய்யின் புள்ளியும் ஒரு சைன்.

சாலையில் மூன்று சொல். கம்பத்தில் நின்றால் சைன். தரையில் வரைந்தால் மார்க்கிங், இரட்டை மஞ்சள் கோடு போல. ஒளிர்ந்து அணைந்து 'இப்போது செய்' என்று சொன்னால் சிக்னல். நடக்கும் மனிதன் முக்கோணத்துக்குள் அச்சாகியிருந்தால் சைன், பச்சையாய் எரிந்தால் சிக்னல். பதவியைக் காட்ட உடையில் அணிவது இன்சிக்னியா, ஒருமைக்கும் பன்மைக்கும் அதே வடிவம். தேசிய சேவையில், அதாவது இங்குள்ள கட்டாய ராணுவப் பணியில், மேஜரின் தோளில் இருப்பதைப் பையன்கள் 'கிராப்' என்கிறார்கள். பார்த்தால் நண்டு போல இருந்தாலும் அது நாம் முதலில் பார்த்த கோட் ஆஃப் ஆர்ம்ஸ்தான், தோளில் ஏறியதும் இன்சிக்னியா ஆகிவிட்டது.

இந்த ஊர் ஆங்கிலத்தில் இரண்டு இடத்தில் மட்டும் கவனம். 'சைனேஜஸ்' என்று இங்கே நிறையப் பேர் எழுதுகிறார்கள். சைனேஜ் என்பது ஒட்டுமொத்தத்தைச் சொல்வது, எண்ண முடியாது, 'எஸ்' சேராது. எண்ண வேண்டுமென்றால் சைன், பத்து சைன்ஸ். இன்னொன்று 'கம்பெனி சாப்', அதாவது நிறுவனத்தின் ரப்பர் முத்திரை. இங்கே எல்லாருக்கும் புரியும், ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதும்போது ஸ்டாம்ப் என்று எழுதுங்கள். அவருக்கு சாப் என்றால் வெட்டுவது.

தமிழில் எழுதும்போதும் எல்லாவற்றுக்கும் 'சின்னம்' போட்டுத் தப்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. சோழரின் புலியைப் புலிப்பொறி என்றோம், பாண்டியரின் மீனைக் கயற்பொறி என்றோம். பொறி என்றால் பதித்தது. எம்பளம் என்ற சொல்லின் கிரேக்க வேருக்கும் உள்ளே பதித்தது என்றுதான் பொருள், இரண்டு மொழியும் ஒரே காட்சியைப் பார்த்திருக்கின்றன. நான் பழக்கத்தில் வைத்திருப்பது இது: லோகோவுக்கு இலச்சினை, சிம்பலுக்குக் குறியீடு, திரையில் வரும் ஐகானுக்குப் படவுரு, பிக்டோகிராமுக்குப் படக்குறி, மார்க்குக்கு முத்திரை அல்லது குறி, சிக்னலுக்குச் சமிக்ஞை, சைனுக்கு இடத்தைப் பொறுத்துப் பலகை அல்லது அடையாளம். சின்னத்தை அரசு, கட்சி, கழகம் போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் கொஞ்சம் மாற்றி வைத்திருப்பார்கள், பரவாயில்லை. ஒரே பலகையில் இரண்டு வேறு பொருளுக்கு ஒரே சொல் வராமல் இருந்தால் போதும்.

சரி, இப்போது உங்கள் விலைப்பட்டியலுக்கு வருவோம். பன்னிரண்டு சைன் என்றால் நிறம், வடிவம், எழுத்து, பின்தகடு, மாட்டும் திருகு எல்லாம் சேர்ந்த பன்னிரண்டு முழுப் பலகைகள். எட்டு சிம்பல் என்றால் அநேகமாக வினைலில் வெட்டிக் கண்ணாடிக் கதவில் ஒட்ட வேண்டிய எட்டு படங்கள் மட்டும், பலகை இல்லை. இரண்டுக்கும் பொருட்செலவும் ஆள்கூலியும் மலைக்கும் மடுவுக்கும். இருபதுக்கும் பலகை விலை போட்டால் வேலை கையைவிட்டுப் போகும். இருபதுக்கும் ஸ்டிக்கர் விலை போட்டால் கைக்காசு போகும். அனுப்புவதற்கு முன் அவரிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதுங்கள்: அந்த எட்டும் தனியாக ஒட்டவா, இல்லை பலகைக்குள் வரவா? சுற்றி வட்டமோ முக்கோணமோ உண்டா? படத்தை அவர் கொடுப்பாரா, நாம் வரைய வேண்டுமா? பதில் வந்த பிறகு இரண்டு வரியாகப் பிரித்து விலை போடுங்கள், அவர் எழுதிய அதே சொற்களை வைத்து.